ரஃப் என்னும் புல்காடு

"கோல்ஃபைப் பற்றி நம் சங்க மலரில் எழுத என்ன இருக்கிறது? அது துரைமார் ஆட்டம் அல்லவா?" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். மலையில் பிழைக்க வந்த நம் முன்னோர் காலத்தில் அது துரைமார் ஆட்டமாகத்தான் இருந்தது. துரை பந்தை அடிப்பார். நம்மவர் பையைச் சுமப்பார், புல்லை வெட்டுவார், தொலைந்த பந்தைத் தேடுவார். இன்று அப்படி இல்லை. மைதானத்தைப் பராமரிப்பவர்களிலும் நம்மவர் இருக்கிறார்கள், ஆடுபவர்களிலும் இருக்கிறார்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளையாற்றைத் தாண்டி, கோயம்புத்தூர் செட்டிபாளையத்து கோல்ஃப் கிளப்புக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இடுக்கிப் பக்கம் தோட்டங்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள் குடும்பத்தோடு மைதானத்தில் நடக்கிறார்கள்.

நான் போடியிலிருந்து மலையேறி, தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து, இப்போது பாலக்காட்டில் மகன் வீட்டில் இருப்பவன். நாற்பது வயதுக்கு மேல்தான் மட்டையைக் கையில் எடுத்தேன். என் ஹேண்டிகேப் 24. அதாவது, பதினெட்டுக் குழிக்கு ஒரு நல்ல ஆட்டக்காரரைவிட இருபத்துநான்கு அடி கூடுதலாக அடிக்கிறவன் என்று பொருள். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காரணம், ரஃப் என்று சொல்லப்படும் ஓரத்துப் புல் யாரை அதிகம் வாட்டுகிறது என்பது சாம்பியன்களைவிட என் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடங்கும் மேடைக்கு டீ என்று பெயர். குழி இருக்கும் வழவழப்பான புல்தளம் கிரீன். இரண்டுக்கும் நடுவே ஒட்ட வெட்டிய பாதை ஃபேர்வே. அந்தப் பாதையின் இரு பக்கமும் உயரமாக விடப்பட்ட புல்தான் ரஃப். கோணலாக அடித்தவனுக்குச் சிறு தண்டனை இருக்கவேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. ஆட்டத்தின் சட்டப்புத்தகத்தில் ரஃப் என்பதற்கு இலக்கணமே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2019-இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளின்படி டீ, கிரீன், மணற்குழி, தண்டப் பகுதி ஆகியவை போக மீதி எல்லாமே 'பொதுப் பகுதி'தான். ஃபேர்வேயும் அதில் அடக்கம், இடுப்பளவு புல்லும் அதில் அடக்கம். ஆகவே புல் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அது கிளப் கமிட்டியின் கையிலும், வானத்தின் கையிலும் இருக்கிறது.

நம் மலைகளில் வானத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. மூணாறில் ஹைரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம் சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் மாட்டுப்பட்டியைத் தாண்டினால் குண்டளையில் இன்னொரு மைதானம். இரண்டும் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் காலத்து ஏற்பாடு. ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அங்கே எப்படிப் பெய்யும் என்று மலையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1924-ஆம் வருடத்து வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் சின்ன ரயில் பாதையே அழிந்து, மீண்டும் கட்டப்படாமலே போயிற்று. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம், 1895-இல் ஏற்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை.

மழையில் புல் வளர்கிறது என்றால் வெட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சரிவான ஈர மண்ணில் புல்வெட்டும் வண்டியை இறக்கினால் சக்கரம் வழுக்கும். சமவெளியில் இறக்கினால் சக்கரத் தடம் பள்ளமாக விழும். ஈரப்புல் கத்தியில் சுற்றிக்கொள்ளும். எனவே வெயில் வரட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பார்கள். அது மூன்று வாரமாகிவிடும். பிறகு ஒரேயடியாக வெட்டவும் முடியாது. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது புல்வளர்ப்பில் பழைய பாடம். மீறினால் வேர் சோர்ந்து புல் பழுத்துவிடும். ஆறு அங்குலம் வளர்ந்ததை நான்காக்கி, சில நாள் விட்டு, பிறகு இரண்டே முக்கால் அங்குலமாக்க வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஆள் பற்றாக்குறை வேறு. இருக்கிற ஆட்களை முதலில் கிரீனுக்கும் அடுத்து ஃபேர்வேக்கும்தான் அனுப்புவார்கள். ரஃப் கடைசிப் பந்திதான்.

புல்லின் சாதியையும் சொல்லவேண்டும். செட்டிபாளையம் போன்ற கீழ்நாட்டு மைதானங்களுக்கு ஏற்றது பெர்முடா புல். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். உலகத்தின் வெப்ப நாடுகளில் பெரும்பாலான கோல்ஃப் மைதானங்கள் அருகம்புல்லிலோ அதன் ஒட்டுவகையிலோதான் நடக்கின்றன. கோயம்புத்தூரில் மழை குறைவு. தண்ணீர் ஊற்றாத இடத்தில் அது காய்ந்து தரையோடு ஒட்டிக்கிடக்கும். அங்கே ரஃபில் விழுந்தால் புல்லைவிட முள்ளும் கல்லும்தான் தொந்தரவு.

மலையில் கதை வேறு. நீலகிரியிலும் பழனிமலையிலும் வேரூன்றிவிட்ட கிக்குயூ புல் கீழ்நாட்டார் அறியாதது. கென்யா நாட்டு மேட்டுநிலத்தில் வாழும் கிக்குயூ மக்களின் பெயர் அதற்கு. மாட்டுக்கு நல்ல தீவனம். ஆனால் தரைக்கு மேலும் தரைக்குக் கீழும் கொடியோடி, கயிற்று மெத்தைபோல் பின்னிக்கொள்ளும். ஒட்ட வெட்டிவைத்தால் அதைவிட நல்ல ஃபேர்வே கிடையாது. பந்து அதன்மேல் தூக்கி நிற்கும். ஆறு வாரம் கவனிக்காமல் விட்டால் அதே புல் பந்தை விழுங்கிவிடும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ரிவியேரா கிளப்பில் பெரிய ஆட்டக்காரர்களே இந்தக் கிக்குயூவைக் கண்டு தயங்குவார்கள். ஊட்டியில் இதற்குமேல் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் தம் நாட்டு நினைவாகக் கொண்டுவந்த கார்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதர், கோல்ஃப் மைதானத்தின் ஓரங்களில் மண்டிக் கிடக்கிறது. அதற்குள் போன பந்தை நான் எடுக்கப் போவதில்லை. போனது போகட்டும்.

இனி பந்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது; எடை 45.93 கிராமுக்கு மிஞ்சக்கூடாது. ஏறக்குறைய ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். புல் இரண்டு அங்குலம் இருந்தால் பந்தின் தலை தெரியும். நான்கு அங்குலம் ஆனால் நேர் மேலே நின்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கும் மேலே போனால் காலில் தட்டுப்பட்டால் உண்டு.

கண்ணில் பட்டாலும் அடிப்பது சுலபமில்லை. மட்டையின் உலோக முகத்தில் வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. அவை பந்தைப் பிடித்துப் பின்னோக்கிச் சுழலவைக்கின்றன. அந்தச் சுழற்சியால்தான் பந்து உயர எழும்பி, கிரீனில் விழுந்ததும் நிற்கிறது. மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஈரப்புல் வந்து மாட்டிக்கொண்டால் பிடிப்புப் போய்விடுகிறது. புல் கொஞ்சமாக இருந்தால் பந்து சுழலாமல் விருட்டென்று பாய்ந்து, நினைத்ததைவிட இருபது கஜம் தாண்டி ஓடும். புல் அதிகமாக இருந்தால் மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடும். வலக்கை ஆட்டக்காரருக்கு பந்து இடப்பக்கம் சாய்ந்து, பத்து கஜத்தில் இன்னொரு புதருக்குள் போய் உட்காரும்.

இந்தப் பிடியிலிருந்து மீள வேகம் வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர் பெரிய மட்டையை மணிக்கு 110 மைலுக்கு மேல் வீசுகிறார். கிளப்பில் ஆடும் சராசரி ஆணின் வேகம் தொண்ணூறு மைலை ஒட்டி இருக்கும். என் வயதுக்காரர்களும் பெண்களும் பிள்ளைகளும் அதற்கும் கீழே. வேகமான மட்டை புல்லை அறுத்துக்கொண்டு போகிறது. மெதுவான மட்டை புல்லில் சிக்கி நின்றுவிடுகிறது. ஆகவே ஒரே புல் எல்லோரையும் ஒரே மாதிரி தண்டிப்பதில்லை. சாம்பியனுக்கு அரை அடி நஷ்டம் என்றால் என் போன்றவனுக்கு இரண்டு அடி நஷ்டம். 'ரஃப் கடினமாக இருந்தால்தான் ஆட்டத்துக்கு மரியாதை' என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் பெரும் போட்டிகளை உதாரணம் காட்டுவார்கள். 1974-இல் அமெரிக்க ஓப்பன் போட்டி நியூயார்க் அருகே விங்டு ஃபுட் கிளப்பில் நடந்தபோது, புல்லை உயர்த்திவிட்டு எல்லோரையும் திணறடித்தார்கள். வென்ற ஹேல் இர்வினே பாருக்கு ஏழு அதிகமாக அடித்துத்தான் வென்றார். 1999-இல் ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பனில் மூவர் பாருக்கு ஆறு அதிகத்தில் சமமாக முடித்து, கூடுதல் ஆட்டத்தில் பால் லாரி வென்றார். உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு குழியிலும் பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல ஆட்கள் நிற்கிறார்கள். கயிற்றுக்கு வெளியே ஆயிரம் ஜோடிக் கண்கள் இருக்கின்றன. அதற்கு மேலும், பெரிய ஆட்டக்காரர்கள் ரஃபிலிருந்தும் பந்தைச் சுழற்றி நிறுத்துகிறார்கள் என்று கண்டு, 2010-இல் உயர்மட்டப் போட்டிகளுக்கு மட்டை முகத்தின் வரிப்பள்ளங்களையே குறைத்துச் சட்டம் போட வேண்டியிருந்தது. அவ்வளவு சாமர்த்தியசாலிகளுக்காக வளர்க்கும் புல்லை நமக்கும் வளர்ப்பது, பயில்வானுக்கு வடித்த சோற்றைக் குழந்தைக்குப் போடுவதுபோல.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் தந்தார்கள். 2019 முதல் மூன்று நிமிடம்தான். நான்கு பேர் ஆடும் குழுவில் ஒவ்வொருவரும் ஒன்பது குழிக்குள் இரண்டு முறை தேடினால், முழு நேரமும் தேடுவதாக வைத்துக்கொண்டால், இருபத்துநான்கு நிமிடம் போய்விடுகிறது. பின்னால் வரும் குழு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும். நல்ல பந்து ஒன்று இருநூறு முந்நூறு ரூபாய் விற்கிற காலத்தில் ஒரு காலையில் நான்கு பந்து போனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதனால் உண்மையில் என்ன நடக்கிறது? ஒரு மலைக் கிளப்பில் – பெயர் வேண்டாம் – என்னோடு ஆடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரின் துணைவியார் மூன்று வருடம் ஆர்வமாக ஆடினார். அவருக்கு அடி நேராகத்தான் போகும், தூரம்தான் போகாது. அந்த மைதானத்தில் டீக்கும் ஃபேர்வேக்கும் நடுவே எழுபது கஜம் புல்லை வெட்டாமல் விட்டிருந்தார்கள். நேராக அடித்த பந்தே புல்லில் விழுந்தது. கோணலாக அடித்ததற்காகத்தானே தண்டனை? நேராக அடித்தவருக்கு எதற்கு? ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படியே கழிந்தபின், அடுத்த வருடம் "நான் வரலை அண்ணா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அதன்பின் மட்டையைத் தொடவில்லை. அவர் நின்றதும் கூடவந்த இரண்டு பெண்பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

கமிட்டிகள் கவனிக்கவேண்டிய இன்னொன்று ஹேண்டிகேப் கணக்கு. ஒரு மைதானத்தின் கடினத்தை அளந்து, சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கஷ்டம் என்பதை ஸ்லோப் என்ற எண்ணாகத் தருகிறார்கள். அந்த எண் 55-இலிருந்து 155 வரை போகும், நடுத்தரம் 113. அளக்கும்போது ரஃபின் உயரத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். வெயில் காலத்தில் இரண்டு அங்குலப் புல்லைப் பார்த்து அளந்துவிட்டுப் போன மைதானத்தில், ஆகஸ்ட் மாதத்து எட்டு அங்குலப் புல்லில் நாம் ஆடினால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் அன்றைய நிலவரத்துக்கு ஏற்பத் திருத்தம் செய்ய இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று குறைந்தது எட்டுப் பேராவது கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். மழைநாளில் மலை மைதானத்தில் எட்டுப் பேர் சேர்வதே திருவிழா!

இனி விதிகள். புல்லில் பந்து போனால் என்னென்ன செய்யலாம், கூடாது என்பதை நம் அன்பர்கள் பலர் காதுவழியாகக் கேட்டுத்தான் ஆடுகிறார்கள். பழைய விதிகள் மாறிவிட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேடும்போது புல்லை விலக்கலாம், வளைக்கலாம். பந்தைக் கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்குத்தான். தேடுகையில் தெரியாமல் காலால் பந்தைத் தட்டிவிட்டால் இப்போது தண்டனை இல்லை. இருந்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். கண்டெடுத்த பந்து நம்முடையதா என்று சந்தேகமானால், இடத்தை ஒரு காசாலோ டீக்குச்சியாலோ குறித்துவிட்டு எடுத்துப் பார்க்கலாம். குறிக்காமல் எடுத்தால் ஒரு அடி தண்டம். அடுத்தவர் பந்தை அடித்துவிட்டால் அடிக்கணக்குப் போட்டியில் இரண்டு அடி தண்டம், நேருக்குநேர் ஆட்டத்தில் அந்தக் குழியே போயிற்று. புல்காட்டில் பழைய பந்துகள் எத்தனையோ கிடக்கும். ஆகவே புறப்படுமுன் உங்கள் பந்தில் மையால் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். நான் முருகனின் வேல் ஒன்று வரைந்துகொள்வது வழக்கம். அதை யாரும் தம்முடையது என்று சொல்லமாட்டார்கள்.

பந்துக்குப் பின்னால் இருக்கும் புல்லைக் காலால் மிதித்தோ மட்டையால் அழுத்தியோ சரிசெய்யக் கூடாது. மட்டையை லேசாகத் தரையில் வைக்கலாம், அவ்வளவுதான். அழுத்தினால் இரண்டு அடி தண்டம். ஈர மண்ணில் பந்து தன் குழியிலேயே புதைந்துவிட்டால், ரஃபானாலும் 2019 முதல் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மழைக்கால மலை மைதானத்தில் மிகவும் பயன்படும் சலுகை இது. ஆனால் பந்து மண்ணில் புதைந்திருக்க வேண்டும். புல்லில் முழுகியிருந்தால் போதாது.

அடிக்கவே முடியாது என்று தோன்றினால் 'ஆட இயலாத பந்து' என்று நாமே தீர்மானிக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். ஒரு அடி தண்டத்தோடு மூன்று வழிகள் உண்டு. முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். அல்லது குழியையும் பந்தையும் சேர்க்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். அல்லது பந்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல் போட்டுக்கொள்ளலாம். பலரும் மூன்றாவதைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு மட்டை நீளம் என்பது ஏழரை அடி. சுற்றிலும் புல்காடாக இருந்தால் ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத்தான் மாறுவோம். அங்கே பின்னால் போவதே புத்திசாலித்தனம்.

பந்து கிடைக்கவே இல்லை என்றால்தான் பெரிய நஷ்டம். ஒரு அடி தண்டமும் போட்டு, அடித்த இடத்துக்கே திரும்பி நடக்கவேண்டும். வயதானவர்களுக்கு மலைமேட்டில் இது சாதாரணக் காரியமில்லை. அதனால்தான் பந்து புல் பக்கம் போகிறது என்று தெரிந்தவுடனே, "தற்காலிகப் பந்து அடிக்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவிடச் சொல்கிறார்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டத்துப் பந்தாகிவிடும்.

இதற்கு 2019-இல் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. மாதிரி உள்ளூர் விதி ஈ-5 என்று பெயர். கிளப் கமிட்டி இதை ஏற்றுக்கொண்டால், பந்து தொலைந்தவர் திரும்பி நடக்க வேண்டாம். தொலைந்ததாகக் கருதும் இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்துக்கு வந்து, இரண்டு அடி தண்டத்தோடு பந்தைப் போட்டு ஆடலாம். தற்காலிகப் பந்து அடித்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. பெரிய போட்டிகளுக்காக அல்ல, நம்மைப் போன்ற கிளப் ஆட்டக்காரர்களுக்கென்றே எழுதப்பட்ட விதி. உங்கள் கிளப்பில் இது இருக்கிறதா என்று மதிப்பெண் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். இல்லையென்றால் கமிட்டியிடம் கேளுங்கள்.

மலையில் ஆடுபவர்களுக்கு ஜீவராசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்துக்குப் பக்கத்தில் விஷப்பாம்போ கொட்டும் தேனீயோ இருந்தால், ஆபத்தில்லாத இடத்தில் தண்டமின்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் செந்தட்டிச் செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. செடிகொடி எதுவானாலும் சலுகை இல்லை. கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் மேய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூணாறுப் பக்கம் யானை எங்கே வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவற்றின் குளம்படியும் கால்தடமும் தாமாகவே சலுகை தருவதில்லை; கமிட்டி அந்த இடத்தைப் 'பழுதுபார்க்கும் நிலம்' என்று குறித்திருந்தால் உண்டு. காலில் ஏறும் அட்டைக்கு விதியில் வழி இல்லை. உப்புப் பொட்டலம்தான் வழி. குழந்தைகளை உயரப் புல்லுக்குள் பந்து தேட அனுப்பாதீர்கள். பெரியவர்கள் இறங்கினாலும் முதலில் மட்டையால் புல்லைத் தட்டி ஓசை எழுப்பிவிட்டு இறங்குங்கள். முன்னூறு ரூபாய்ப் பந்துக்காகப் பாம்புக்கடி வேண்டாம்.

எப்படி அடிப்பது என்பதற்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நீள மட்டையை உறையிலேயே வையுங்கள். ஒன்பதாம் நம்பர் இரும்போ வெட்ஜோ எடுத்து, பிடியைச் சற்று இறுக்கி, மட்டையைச் செங்குத்தாக இறக்கி, மிக அருகில் உள்ள ஃபேர்வேக்குப் பந்தை வெளியேற்றுங்கள். புல் முகத்தைத் திருப்பிவிடும் என்பதால் கொஞ்சம் வலப்பக்கம் குறிவையுங்கள். ஒரு அடி போகும். ஆனால் அதோடு போகும். அங்கிருந்தே கிரீனைப் பிடிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் அதே புல்லில் மூன்று அடி அடிப்பதை வாராவாரம் பார்க்கிறேன்.

போட்டிகளை மழைக்காலத்தில் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் வைத்துக்கொள்வதும் உதவும். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் ஏற்படுத்திய முறை இது. 1932-இல் வாலசி கிளப்பில் போட்டியாக நடந்தது. இதில் ஒவ்வொரு குழிக்கும் புள்ளிகள். ஒரு குழி புல்லில் பாழானால் சுழியம் போட்டுக்கொண்டு பந்தைப் பையில் போட்டு அடுத்த குழிக்குப் போகலாம். ஒரு புதருக்காக முழு நாளும் கெடாது.

கிளப்புகள் செய்யவேண்டியது என்று நான் கருதுவதையும் எழுதிவிடுகிறேன். மைதானம் முழுவதும் புல்லை ஒட்ட வெட்டச் சொல்லவில்லை. அதற்குப் பணமும் ஆளும் இல்லை, அது அழகும் இல்லை. ஃபேர்வேயை ஒட்டி இரு பக்கமும் ஐந்தாறு கஜம் மட்டும் இரண்டு, இரண்டரை அங்குலத்தில் வைத்தால், சாதாரணமாகக் கோணலாகும் பந்துகளில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். டீயிலிருந்து ஃபேர்வே வரை நடுவே ஒரு பட்டை வெட்டிவிட வேண்டும். குறைந்த தூரம் அடிப்பவர்களுக்கு அதுவே பெரிய உபகாரம். யாரும் போகமுடியாத சரிவுகளையும் புதர்க்காடுகளையும் சிவப்புக் குச்சி நட்டுத் தண்டப் பகுதியாக அறிவித்துவிடலாம். தண்ணீர் இல்லாத இடத்தையும் அப்படிக் குறிக்க 2019 விதிகள் இடம் தருகின்றன. பந்து அங்கே போனது உறுதியானால் தேடவே வேண்டாம். ஒரு அடி தண்டத்தோடு வெளியே போட்டுக்கொண்டு போகலாம்.

பார்வை மறையும் மேடுகளில் ஓர் ஆளை முன்னால் நிறுத்தவேண்டும். வட இந்தியக் கிளப்புகளில் இவரை 'ஆகேவாலா' என்பார்கள். நம் கேடிப் பையன்களின் கண்ணுக்கு ஈடு கிடையாது. பந்து விழுந்த இடத்தை ஒரு மரத்தோடோ கல்லோடோ சேர்த்து மனதில் வாங்கிக்கொண்டு நேராகப் போய் நிற்பார்கள். மூன்று நிமிடத்தை முப்பது விநாடியாக்குகிறவர்கள் அவர்கள்தான்; கூலி கொடுக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

"இயற்கையை அப்படியே விடுகிறோம்" என்று சில கிளப்புகள் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. சோலைக்காட்டை ஒட்டிய மலைப்புல்வெளியின் சொந்தப் புற்களும் குறிஞ்சிச் செடியும் இருக்கும் மூலையை விட்டுவைத்தால் அது பாதுகாப்பு. அந்த மூலையில் மட்டையோடு யாரையும் நுழையவிடக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் கிக்குயூவும் கார்ஸும் மண்டிய இடத்தை வெட்டாமல் விட்டுவிட்டு இயற்கை என்று பெயர் வைப்பது சரியல்ல. அவை சொந்தப் புல்லை நெருக்கி அழிக்க வந்த வெளியூர்ச் சரக்கு. எது எது என்று தெரிந்தவரை ஒருமுறை அழைத்துச் சுற்றிக்காட்டச் சொன்னால் போதும்.

வெட்டுவதற்கு ஆள் இல்லை என்பதற்கும் மலையிலேயே விடை இருக்கிறது. லயங்களில் பசுமாடு வைத்திருக்கும் குடும்பங்கள் பச்சைப்புல்லுக்காகச் சரிவெல்லாம் ஏறி இறங்குவதை நாம் அறிவோம். ஆட்டமில்லாத நாட்களில், வாரத்தில் இரண்டு காலை, குறிப்பிட்ட இடத்தில் அறுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தால் அவர்களுக்குத் தீவனம், கிளப்புக்கு ரஃப். களைமருந்து அடித்த பகுதியில் மட்டும் கொடி நட்டு, அங்கே அறுக்கக்கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைக்க வேண்டும். அறுக்கிறவர்கள் கையில் பந்துகள் நிறையக் கிடைக்கும். ஒரு பந்துக்கு இவ்வளவு என்று விலை வைத்து, அதையும் அதே பலகையில் எழுதிவிட்டால் பேரம் பேசும் வேலை இருக்காது. ஜூன் பிறப்பதற்கு முன்பே, மே மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானித்துக்கொள்வது வசதி. மழை இறங்கிய பிறகு கூட்டம் போட்டால் புல் அதற்குள் முழங்காலைத் தொட்டிருக்கும்.